சீழ் வைக்காத காயம்

வெள்ளிக்கிழமை ஊசி.
சனிக்கிழமை முழுக்கக் காய்ச்சல், குளிர்,
எலும்புக்குள் யாரோ வலை இழுக்கிற மாதிரி.
ஞாயிறு எழுந்து உட்காருவேன்.
திங்கள், சின்னப்பாலத்திலிருந்து பஸ் பிடித்து
ராமநாதபுரம் போய் இடது கையை நீட்டுவேன்.

ரத்தம் எடுக்கிற நைனா முகம்மது
நரம்பு கிடைக்காமல் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
"கடலுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்குக்கா" என்பான்.
மதியம் தாள் வரும்.
வெள்ளை அணு மூவாயிரத்து நூறு.
அடுத்த வாரம் இரண்டாயிரத்து முந்நூறு.
அதற்கடுத்து ஆயிரத்து எண்ணூறு.
பாசி விலைகூட இப்படி இறங்கியதில்லை.

மருந்து மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வரும்.
எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.
அருளானந்து கடையில்
கலர் பாட்டில்களுக்கு நடுவே ஒரு மூலை கொடுத்திருக்கிறார்.
என் ரெண்டு தோடும் ஒரு சங்கிலியும்
அங்கேதான் குளிர்ந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாம் பிரசவத்தில் ஏற்றிய
இரண்டு பாட்டில் ரத்தத்தில் வந்ததாம்.
இருபத்தொரு வருஷம் ஈரலில்
வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது.
ரத்தம் கொடுத்தவர் யாரென்று தெரியாது.
அவர் இல்லாவிட்டால் அன்றைக்கே நான் இல்லை.
திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல்
ஓர் ஆள்.

டாக்டரம்மா சொன்னார்:
வேகவைக்காததைத் தின்னாதே.
கூட்டத்துக்குப் போகாதே.
காயம் படாமல் இரு.

காயம் படாமலா?
கைகளை விரித்துக் காட்டினேன்.
முப்பது வருஷம் தீவுப் பாறைகளில்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிய விரல்கள்.
துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவோம்.
பாறை, துணியோடு சேர்த்தே கிழிக்கும்.
டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல்
கையுறை மாட்டிக்கொண்டார்.

அமாவாசை கழிந்த மறுநாள், தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது.
நம்புச்செல்வியும் மற்றவர்களும் விடியுமுன் வள்ளம் ஏறிவிட்டார்கள்,
கண்ணாடி, சாக்கு, காலுக்குப் பழைய செருப்பு.
நான் கரையில்.
முழங்கால் வரைக்கும்தானே என்று இறங்கினேன்.
வலதுகால் கட்டைவிரலில் ஒரு சிப்பி.
அரிசி நீளம்.

யாரிடமும் சொல்லவில்லை.
மறுநாள் வலித்தது.
மூன்றாம் நாள் சிவப்பு
கணுக்காலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.
சீழ் மட்டும் வைக்கவில்லை.
நல்லதுதானே என்று நினைத்தேன்.

அந்தத் திங்கள் நைனா
தாளை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.
மொத்தம் ஆயிரத்து நூறு.
அதில் கிருமியோடு சண்டை போடுகிற வகை மட்டும்
நானூற்றுச் சொச்சம்.

டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார்.
வெகுநேரம் விரலைப் பார்த்தார்.
சீழ் அழுக்கில்லையாம்.
சண்டைக்குப் போய்ச் செத்த வெள்ளை அணுக்கள்
குவிந்து கிடப்பதாம்.
"உனக்குச் சாகறதுக்குக்கூட ஆளு இல்லம்மா."

வெள்ளிக்கிழமை ஊசியை நிறுத்திவிட்டார்கள்.
அணுவை ஏற்றுவதற்கு வேறோர் ஊசி,
தொடையில், தினமும்.
பக்கத்துக் கட்டில்காரிக்கு இருமல் என்று
என்னைத் தள்ளிச் சன்னலோரம் போட்டார்கள்.
நிறுத்தினால் பழைய கிருமி திரும்ப வருமா என்று கேட்டேன்.
"பார்ப்போம்" என்றார்.
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை ராத்திரி படுப்பது.

விடிந்ததும் முதல் வேலை, கட்டுப் பிரித்துப் பார்ப்பது.
வலை உதறிப் பார்ப்பதுபோல.
ஒன்றுமில்லை.
மறுநாளும் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள், நகத்தின் ஓரத்தில்
கடுகளவு மஞ்சள்.
அழுத்தினேன். வலித்தது.
இன்னொரு தடவை அழுத்தினேன்.

நம்புச்செல்விக்குப் போன் போட்டேன்.
வள்ளத்தில் இருந்தாள். இன்ஜின் சத்தம், காற்று.
"சீழ் வச்சிருக்குடி!" என்று கத்தினேன்.
"ஐயையோ" என்றாள்.

"இல்லடி" என்றேன்.
"வந்துட்டாங்க."